தீபாவளிக்கு டீச்சருக்குப் பரிசு கொடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் என்ன செய்யலாம்?

சனிக்கிழமை சாயங்காலம். வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பனியன் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது போன் சத்தம் போடுகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் பெற்றோர் வாட்ஸ்ஆப் குரூப். "தீபாவளிக்கு நம்ம பசங்களோட டீச்சர்ஸ் எல்லாருக்கும் கிஃப்ட் கொடுக்கலாம்னு இருக்கோம். ஒரு ஆளுக்கு 300 ரூபாய். திங்கட்கிழமைக்குள்ள ஜிபே பண்ணிட்டு, இங்க பேர் போட்டுடுங்க." அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

இது ஓர் உதாரணத்துக்காகச் சொன்ன காட்சிதான். ஆனால் திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்த 300 ரூபாய் குரூப்பில் இருக்கும் சிலருக்கு ஒரு சின்னச் செலவு. செக்கிங்கிலோ கைமடியிலோ வேலை பார்க்கும் அம்மாவுக்கு அது ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பகுதி.

பணத்தைவிடப் பெரிய கேள்வி வேறொன்று: "நான் மட்டும் கொடுக்கலைன்னா, டீச்சர் என் பொண்ணை என்ன நினைப்பாங்க?"

ஆசிரியருக்குப் பரிசு கொடுப்பது தப்பா? எது மரியாதை, எது லஞ்சம்? அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் விதி வேறா? கொடுக்க ஆசைப்படுபவர்கள் எப்படிக் கொடுக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், சுருக்கமாக:

• அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். பரிசு வாங்குவதற்கு அவருக்கு நடத்தை விதிகள் உண்டு.
• மார்க், தேர்ச்சி, அட்மிஷன் போன்ற ஏதாவது ஒன்றை எதிர்பார்த்துக் கொடுத்தால் அது பரிசு இல்லை. வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு.
• பணம், தங்கக் காசு, கிஃப்ட் கார்டு வேண்டவே வேண்டாம்.
• யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது ஆசிரியருக்கும் வகுப்புக்கும் தெரியாமல் இருப்பதுதான் முக்கியம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

ஆசிரியருக்குக் கொடுப்பது நம் ஊரில் நேற்று வந்த பழக்கம் இல்லை. ஆசிரியருக்கு ஒரு கஷ்டம் என்றால் உதவ வேண்டும், வேண்டிய பொருளும் கொடுத்துக் கற்க வேண்டும் என்று புறநானூற்றில் ஒரு பாண்டிய மன்னனே பாடியிருக்கிறான். பவணந்தி முனிவரின் நன்னூல், யாருக்கெல்லாம் பாடம் சொல்லலாம் என்று பட்டியல் போடும்போது, பொருளை நிறையக் கொடுப்பவனையும் அதில் சேர்க்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலும் இது தொடர்ந்தது. நவராத்திரி சமயத்தில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கிடைத்தது வாத்தியாருக்குப் போய்ச் சேரும். விஜயதசமி அன்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வெற்றிலை பாக்குடன் தட்சிணை வைப்பது இன்றும் பல வீடுகளில் இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து வாத்தியாருக்குப் பெற்றோர் கொடுத்ததுதான் வருமானம். நெல்லோ காசோ அவர்கள் கொடுக்காவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. இன்றைக்கு அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் நம் எல்லாருடைய வரிப் பணத்திலிருந்து போகிறது. ஆக, கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கும் அவர் ஒரே ஆசிரியர். பழைய வழக்கம் அப்படியே இருக்க, அதற்கான காரணம் போய்விட்டது. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆறாம் வகுப்புக்கு மேல் ஏன் விஷயம் மாறுகிறது?

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர். ஒரு ரோஜாப்பூவோ, கையால் வரைந்த வாழ்த்து அட்டையோ கொடுத்தால் முடிந்தது.

ஆறாம் வகுப்பிலிருந்து அப்படி இல்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஓர் ஆசிரியர். கூடவே உடற்கல்வி ஆசிரியர். பிளஸ் டூ என்றால் இரண்டு மொழிப்பாடமும் நான்கு முதன்மைப் பாடமும் சேர்ந்து ஆறு பேர். எல்லாருக்கும் கொடுக்க வேண்டுமா, கணக்கு டீச்சருக்கு மட்டுமா, பி.டி. சார் என்ன பாவம் செய்தார் என்று கேள்விகள் வரிசை கட்டும்.

இரண்டாவது மாற்றம் இன்னும் முக்கியமானது. மேல் வகுப்புகளில் மார்க்கின் ஒரு பகுதி பள்ளிக்குள்ளேயே முடிவாகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடங்களுக்கு 90 மற்றும் 10. அந்த அக மதிப்பீட்டு 10 மார்க்கைப் போடுவது வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள்தான்.

கட்-ஆஃபில் அரை மார்க்குக்குக் கல்லூரி மாறிப்போகும் ஊரில், 10 மார்க்கும் 20 மார்க்கும் சின்ன விஷயமா? பெரும்பாலான ஆசிரியர்கள் பரிசைப் பார்த்து மார்க் போடுபவர்கள் இல்லை. ஆனால் பரிசு கைமாறிய பிறகு, நியாயமாகப் போட்ட மார்க் மீதும் சந்தேகம் வரும். "அவங்க வீட்ல பட்டுப்புடவை எடுத்துக் குடுத்தாங்கல்ல, அதான்" என்று ஒரு பேச்சு கிளம்பினால், நன்றாகப் படித்த பிள்ளையின் உழைப்பும் அதில் அடிபட்டுப் போகும்.

தீபாவளி வரும் நேரத்தையும் பாருங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து அரையாண்டுத் தேர்வு வருவதற்கு முன்னால். செய்முறைத் தேர்வு அதற்கும் பிறகுதான். அதாவது, அந்த வருடத்து மார்க் எல்லாம் இன்னும் ஆசிரியர் கையில் இருக்கும்போதுதான் பரிசுப் பெட்டி போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளியைப் பொறுத்து விடை மாறும்.

அரசு மற்றும் மாநகராட்சிப் பள்ளி: இங்கே வேலை பார்க்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். அரசின் முன் அனுமதி இல்லாமல் பரிசு வாங்கக் கூடாது என்பது இதன் அடிப்படை. உறவினரும் சொந்த நண்பர்களும் கல்யாணம் போன்ற விசேஷங்களில் கொடுப்பதற்கு விலக்கு உண்டு. மாணவரின் பெற்றோர் என்ற முறையில் நீங்கள் அந்த விலக்குக்குள் வர மாட்டீர்கள். "டீச்சர் கையில குடுக்கல, அவங்க வீட்டுக்காரர்கிட்டதான் குடுத்தேன்" என்பதும் செல்லாது. குடும்பத்தார் வாங்கினாலும் அதே விதிதான்.

கேந்திரிய வித்யாலயா: இங்கே மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகள் பின்பற்றப்படுகின்றன. அனுமதி இல்லாமல் வாங்கக்கூடிய பரிசின் மதிப்புக்கு இதில் உச்சவரம்பு உண்டு. 2019-ல் உயர்த்தப்பட்டபடி ஏ, பி பிரிவு ஊழியர்களுக்கு 5,000 ரூபாய், சி பிரிவுக்கு 2,000 ரூபாய். "அப்போ 4,999 ரூபாய்க்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கக் கூடாது. அலுவல் ரீதியாகத் தொடர்புள்ளவர்களிடம் எட்டி நிற்க வேண்டும் என்பதுதான் அந்த விதிகளின் உள்ளர்த்தம். உங்கள் பிள்ளைக்கு மார்க் போடுபவருக்கும் உங்களுக்கும் இருப்பது அலுவல் தொடர்புதான்.

அரசு உதவி பெறும் பள்ளி: "இது மேனேஜ்மெண்ட் ஸ்கூல்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஊழல் தடுப்புச் சட்டம், 1988-ன் பார்வையில், அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தின் ஊழியரும் பொது ஊழியர்தான்.

தனியார் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளி: இங்கே பள்ளி நிர்வாகத்தின் சொந்த விதிதான் முதலில் பார்க்க வேண்டியது. பரிசே கூடாது என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. பூவும் வாழ்த்து அட்டையும் மட்டும் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. டைரியிலோ சர்க்குலரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எந்தப் பள்ளியாக இருந்தாலும் பொருந்தக்கூடிய நெறிமுறை ஒன்றும் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பள்ளி ஆசிரியர்களுக்காக வகுத்த தொழில் ஒழுக்க நெறியில், தங்கள் முடிவுகளைப் பாதிக்கக்கூடிய, அல்லது பாதிப்பதுபோலத் தோன்றக்கூடிய பரிசுகளையும் சலுகைகளையும் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. "தோன்றக்கூடிய" என்பதைக் கவனியுங்கள். உண்மையில் பாதிக்கவில்லை என்றாலும், பார்ப்பவருக்கு அப்படித் தெரிந்தால் அதுவும் பிரச்சினைதான்.

அப்போ ஒரு ஸ்வீட் பாக்ஸ்கூட லஞ்சமா?

இல்லை. பண்டிகைக்கு வீட்டில் சுட்ட அதிரசத்தையோ முறுக்கையோ ஒரு டப்பாவில் போட்டுப் பிள்ளை கையில் கொடுத்து விடுவதை யாரும் லஞ்சம் என்று சொல்லப் போவதில்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டப்படியான ஊதியம் தவிர்த்த எந்த ஆதாயமும், அது பணமாக இல்லாவிட்டாலும், 'முறையற்ற ஆதாயம்' என்ற வரையறைக்குள் வரலாம். தன் கடமையை முறைகேடாகச் செய்வதற்காக அதை வாங்கும் பொது ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அதே திருத்தம் கொடுப்பவரையும் நேரடியாகக் குற்றவாளி ஆக்குகிறது. அவருக்கும் 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால், 7 நாளுக்குள் காவல்துறையிலோ விசாரணை அமைப்பிலோ புகார் சொல்லிவிட்டால் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு உண்டு.

எளிதாகப் புரிந்துகொள்ள, கொடுப்பதற்கு முன் உங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இதை எல்லார் முன்னாலும், ஹெச்.எம். பார்க்கக் கொடுக்க எனக்குத் தயக்கம் இருக்கிறதா?
2. அடுத்த பரீட்சையில் பிள்ளைக்கு மார்க் குறைந்தால், "இவ்வளவு செஞ்சுமா?" என்று மனசு கேட்குமா?
3. இதே பொருளை வகுப்பில் இருக்கும் கடைசி வீட்டாலும் கொடுக்க முடியுமா?

முதல் இரண்டுக்கு "ஆமாம்" என்றோ, மூன்றாவதுக்கு "இல்லை" என்றோ பதில் வந்தால், அந்தப் பரிசை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

திருப்பூரில் மட்டும் என்ன ஸ்பெஷல்?

திருப்பூரில் தீபாவளி என்றாலே போனஸ்தான். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். போனஸ் கைக்கு வந்த அன்றைக்குக் குமரன் ரோட்டிலும் புது மார்க்கெட் வீதியிலும் கால் வைக்க இடம் இருக்காது. காதர்பேட்டையில் பனியனும் டி-ஷர்ட்டும் கட்டுக்கட்டாகப் போகும்.

ஒரே வகுப்பறையில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஓனர் வீட்டுப் பிள்ளையும், அதே கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுபவரின் பிள்ளையும் உட்கார்ந்திருப்பது இந்த ஊரில் நடக்கக்கூடியது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கேயே படிக்கிறார்கள். டீச்சருக்குத் தீபாவளிப் பரிசு கொடுக்கும் பழக்கம் இருக்கிறது என்பதே அந்த வீடுகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தமிழில் வரும் வாட்ஸ்ஆப் மெசேஜை அவர்களால் படிக்க முடியாமலும் போகலாம்.

போனஸ் எல்லா வருடமும் ஒரே மாதிரியும் இருக்காது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரில் பல கம்பெனிகளில் அமெரிக்க ஆர்டர்கள் நின்றன. அதற்கு இரண்டு மாதத்துக்குள் தீபாவளி. அப்படி ஒரு வருடத்தில் குரூப்பில் வரும் "ஆளுக்கு 300" என்ற மெசேஜ் எத்தனை வீட்டில் எப்படிப் போய் இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு திருப்பூர் பழக்கம், கம்பெனி பீஸ். "எங்க கம்பெனி மாலுதான் மிஸ், காசு குடுத்து வாங்கல" என்று ஒரு பை டி-ஷர்ட்டை டீச்சர் மேஜையில் வைப்பது. காசு கொடுத்து வாங்காவிட்டாலும் அதற்கு மதிப்பு உண்டு. விதிகளைப் பொறுத்தவரை அதுவும் பரிசுதான். அனுப்பர்பாளையம் பாத்திர செட், ஊத்துக்குளி வெண்ணெய் டின் என எதுவானாலும் இதே கணக்குதான்.

மற்ற நாடுகளில் எப்படி?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை.

தென் கொரியாவில் மே 15 ஆசிரியர் தினம். அன்று ஆசிரியர் சட்டையில் கார்னேஷன் பூவைக் குத்திவிடுவது அங்கே பழைய வழக்கம். 2016 செப்டம்பர் 28-ல் அமலுக்கு வந்த லஞ்சத் தடுப்புச் சட்டம் தனியார் பள்ளி ஆசிரியர்களையும் உள்ளே கொண்டுவந்தது. ஒரு மாணவர் தனியாக ஒரு பூ கொடுப்பதும் கூடாது, மாணவர் பிரதிநிதி எல்லார் முன்னிலையிலும் கொடுக்கலாம் என்று அங்கே விளக்கம் சொல்லப்பட்டது. ஒரு பூவுக்கு இவ்வளவா என்று அங்கேயும் விவாதம் நடந்தது.

சீனாவில் 2014-ல் கல்வி அமைச்சகம், மாணவர்களிடமும் பெற்றோரிடமும் ஆசிரியர்கள் பரிசும் பணமும் வாங்கத் தடை போட்டது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் வேறு வழியில் போகிறது. ஒரு பெற்றோரிடமிருந்து 50 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பரிசை அரசுப் பள்ளி ஆசிரியர் வாங்கக் கூடாது. வகுப்பாகச் சேர்ந்து கொடுத்தால் வருடத்துக்கு 150 டாலர் வரை வாங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: யார் யார் பணம் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியக் கூடாது.

இந்த நிபந்தனையை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் பெயர் தெரியாதபோது, கொடுக்காதவர் பெயரும் தெரியாது.

குரூப்பில் வசூல் செய்யலாமா?

இதை எழுதும் எனக்கும் ஒரு ஞாபகம் உண்டு. பத்தாம் வகுப்பு படித்தபோது, தீபாவளிக்கு ஆசிரியர்களுக்குக் கொடுக்க ஆளுக்கு 50 ரூபாய் வசூல் செய்தோம். பணம் தராதவர்களின் பெயரை, பேசினவர்கள் பெயரை எழுதுகிற மாதிரியே, லீடர் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருந்தான். அதில் ஆறு பெயர். ஒன்று என்னுடையது. தமிழ் ஐயா வகுப்புக்குள் வந்தார், அந்த ஓரத்தைப் பார்த்தார், டஸ்டரை எடுத்து அழித்தார், பாடத்தை ஆரம்பித்துவிட்டார். அதைப் பற்றி அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அடுத்த வாரம் கொடுத்த 50 ரூபாயை நான் லீடரிடம் கொடுக்கவும் இல்லை.

வாட்ஸ்ஆப் குரூப்பில் பெயர் போட்டு டிக் அடிப்பதும் அந்தக் கரும்பலகைதான். அழிக்க டஸ்டர்தான் இல்லை.

அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியருக்கென்று வசூல் செய்வதையே விட்டுவிடுவது நல்லது. தனியார் பள்ளியில், நிர்வாகம் அனுமதித்தால், இப்படிச் செய்யலாம்:

• தொகை சொல்லாதீர்கள். "விருப்பம் இருந்தால், முடிந்ததை" என்று மட்டும் போடுங்கள்.
• குரூப்பில் யாரும் 'பெய்டு' போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணக்கு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு மொத்தச் செலவை மட்டும் குரூப்பில் போட்டால் போதும்.
• பிள்ளைகள் வழியாக வசூலிக்காதீர்கள். வகுப்பில் அது பேச்சாகிவிடும்.
• வாழ்த்து அட்டையில் 'ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு மாணவர்கள்' என்று போடுங்கள். தனிப் பெயர்கள் போட்டால், பணம் கொடுக்காத பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.
• பாட ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர் எல்லாருக்கும் ஒரே பொருள். வகுப்பைக் கூட்டிப் பெருக்கும் அக்காவையும் வாட்ச்மேனையும் மறக்க வேண்டாம்.

குரூப்பில் போட ஒரு மெசேஜ் வேண்டுமா? இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "வணக்கம்ங்க. தீபாவளிக்கு டீச்சர்களுக்கு வகுப்பு சார்பா வாழ்த்து சொல்லலாம்னு இருக்கோம். பசங்க எல்லாரும் ஆளுக்கு நாலு வரி எழுதித் தந்தா போதும். சேர்த்து ஒரு நோட்டா பைண்ட் பண்ணிக் குடுத்துடலாம். பணம் எதுவும் வேண்டாம்ங்க."

அப்படியானால் என்னதான் கொடுக்கலாம்?

முதலில், ஒரு கடிதம். "அல்ஜீப்ரா புரியாம அழுதுட்டு இருந்தேன், நீங்க லஞ்ச் டைம்ல உக்காந்து சொல்லிக் குடுத்தீங்க" என்று பிள்ளை தன் கையால் எழுதும் நான்கு வரிக்கு எந்த விதியும் தடை போடவில்லை. "ரொம்ப நன்றி மிஸ், யூ ஆர் தி பெஸ்ட்" என்று பொதுவாக எழுதாமல், நடந்த ஒன்றைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்றால், ஆசிரியரைப் பாராட்டித் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் பெற்றோரே எழுதலாம். புகார்க் கடிதங்கள் நிறைய வரும் இடத்தில் அப்படி ஒரு கடிதம் அபூர்வம்.

இரண்டாவது, ஆசிரியருக்கு இல்லாமல் பள்ளிக்குக் கொடுப்பது. வகுப்பு நூலகத்துக்குப் புத்தகம், விளையாட்டு அணிக்கு ஜெர்சி என்று எதுவும் இருக்கலாம். டி-ஷர்ட் தைக்கும் ஊரில் பள்ளி அணிக்கு ஜெர்சி இல்லாமல் இருக்கலாமா? கம்பெனி பீஸைக் கொடுக்க ஆசைப்படுபவர்கள் அதைத் தலைமை ஆசிரியர் வழியாக, ரசீதோடு, பள்ளிக்குக் கொடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ சொன்னால் என்ன தேவை என்பது தெரியும். அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்பும் முன்னாள் மாணவர்களுக்காகவும் நிறுவனங்களுக்காகவும் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் இருக்கிறது.

மூன்றாவது, நேரத்தை மாற்றுவது. பிளஸ் டூ ரிசல்ட் வந்து, டி.சி. வாங்கிய பிறகு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஆசிரியரைப் பார்த்து ஒரு புத்தகம் கொடுங்கள். இனிமேல் அவர் போட வேண்டிய மார்க் எதுவும் இல்லை. அப்போது கொடுப்பதில் நன்றியைத் தவிர வேறு எதையும் யாரும் தேட முடியாது. அரசு ஊழியருக்கான விதி அப்போதும் இருக்கிறது என்பதால், அது சின்னப் பொருளாகவே இருக்கட்டும்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லக்கூடியவை: பணக் கவர், ஜிபே, தங்கக் காசு, வெள்ளிப் பொருள், கிஃப்ட் கார்டு, செல்போன், விலை உயர்ந்த புடவை.

பள்ளியிலேயே பரிசு கேட்டால்?

வெளிப்படையாகக் கேட்டாலும், "போன வருஷம் பேட்ச் வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்தாங்க" என்று ஜாடையாகக் கேட்டாலும், செய்ய வேண்டியது ஒன்றுதான். கொடுக்காதீர்கள், குரூப்பில் சண்டையும் போடாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மார்க்குக்காகப் பணம் கேட்டால் அது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குப் போக வேண்டிய விஷயம்.

பரிசு கொடுக்காததால் பிள்ளையை வகுப்பில் அவமானப்படுத்தினால், அது இன்னும் பெரிய தப்பு. கல்வி உரிமைச் சட்டம், 2009 உடல் ரீதியான தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மன ரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. தொடக்க வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தும். எந்த வகுப்புப் பிள்ளைக்கும் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

பல ஆசிரியர்களுக்கு இந்தத் தீபாவளிப் பெட்டி தர்மசங்கடம்தான். வேண்டாம் என்றால் கொண்டுவந்த பிள்ளையின் முகம் வாடிவிடும். வாங்கினால் மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

அக்டோபர் பிறக்கும்போதே வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் பாதி தீர்ந்துவிடும். "எனக்கு யாரும் எதுவும் கொண்டு வர வேண்டாம்பா. லெட்டர் எழுதினா சந்தோஷமா படிப்பேன்." அதையும் மீறி ஸ்வீட் பாக்ஸ் வந்தால், அங்கேயே பிரித்து வகுப்புக்கே பங்கு போட்டுவிடலாம். அப்போது கொண்டுவந்த பிள்ளையும், எதுவும் கொண்டுவராத பிள்ளையும் அதே பாக்ஸிலிருந்து ஆளுக்கொரு மைசூர்பாகு எடுத்துக்கொள்வார்கள்.